பத்துக்குப் பத்து அறையும் விலை கூடிய மைக்கும்

2012 முதல் இந்திய வீட்டுத்திட்டத்தில் வன்னியில் எழுந்த வீடுகளுக்குள் போனவர்களுக்கு அளவு தெரியும். மொத்தம் 550 சதுர அடி, பூசிய சீமெந்துக் கல் சுவர், சீமெந்துத் தரை, மேலே ஓடு அல்லது சீற். கிளிநொச்சியில் கோயில் பாட்டோ, குறும்படக் குரலோ, யூடியூப் செய்தியோ வீட்டிலேயே பதிவு செய்ய நினைப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இப்படியொரு வீட்டின் சின்ன அறைதான். வெறும் அறைக்குள் நின்று ஒருமுறை கை தட்டினால் சுவருக்குச் சுவர் மோதி 'டங்' என்று ஒரு சத்தம் திரும்பும். எந்த மைக் வாங்கினாலும் அந்த 'டங்' குரலோடு சேர்ந்தே பதிவாகும். ஆனாலும் பேச்சு மைக்கின் விலையில் தொடங்கி மைக்கின் விலையிலேயே முடிகிறது.

முதலில் அடிபடும் நம்பிக்கை, கொண்டென்சர் மைக் அறைச் சத்தத்தை எல்லாம் இழுக்கும், டைனமிக் மைக் வாய்க்கு முன்னால் உள்ளதை மட்டும் எடுக்கும் என்பது. ஒடியோ-டெக்னிக்கா ஏடி2020 கொண்டென்சர். ஷூர் எஸ்எம்58 டைனமிக். ஒரே சத்தத்துக்கு முதலாவது, இரண்டாவதைப்போல் ஏழு மடங்குக்கும் கூடுதலான மின்னழுத்தம் தரும். வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டும் முன்பக்கத்தையே அதிகம் கேட்கும் கார்டியொய்ட் வகை. இரண்டையும் வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்து, குரல் சமமாக வரும்வரை கெயினைக் கூட்டிக் குறைத்தால், அறையின் முழக்கமும் ஏறக்குறையச் சமமாகவே வரும். எஸ்எம்58 'சுத்தமாக' எடுப்பதுபோல் தோன்றுவதற்குக் காரணம், அதை எல்லோரும் உதட்டோடு ஒட்டிப் பிடிப்பதே. 24 சென்ரிமீற்றரில் நின்றவர் 12-க்கு வந்தால் நேர்க்குரல் 6 டெசிபல் ஏறும். அறையின் முழக்கம் இருந்த அளவிலேயே நிற்கும். செலவில்லாமல் கிடைக்கும் இந்த 6 டெசிபலை விட்டுவிட்டு மைக் மாற்றுவது வீண்.

மைக்கல் ஜக்சன் 'திரில்லர்' இசைத்தொகுப்பில் (1982) ஷூர் எஸ்எம்7-இல் பாடினார் என்பது உண்மை. அதை நம்பி அதன் இன்றைய வடிவமான எஸ்எம்7பி-யை வாங்குவோர் இரண்டு விடயங்களை மறக்கிறார்கள். அவர் பாடிய லொஸ் ஏஞ்சல்ஸ் வெஸ்ட்லேக் கூடம் ஒலிப்பதிவுக்கென்றே கட்டப்பட்டது. அந்த மைக்குக்கு 60 டெசிபல் அளவு கெயினும் தேவை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் மலிவான இன்டர்பேஸ் அவ்வளவுக்கு ஏறினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூட ஏறும்.

அடுத்தது முட்டை மட்டை. சுவர் முழுக்க ஒட்டினால் ஒலிப்பதிவுக்கூடம் ஆகிவிடும் என்று எந்த ஊரிலும் யாராவது ஒருவர் சொல்வார். அது உச்ச ஒலிகளைக் கொஞ்சம் மங்கவைக்கும், அவ்வளவே. வயர் ஓடும் சுவரில் தீப்பற்றுவதற்கும் வசதி. ஓர் அங்குல ஸ்பொஞ்சும் உச்ச ஒலிகளை மட்டும் தின்பதால் குரல் போர்வைக்குள் மூடிக்கொண்டு பாடுவதுபோல் ஆகிவிடும். அடி முழக்கம் அசையாது.

கணக்கைப் பாருங்கள். பத்தடி இடைவெளியில் நிற்கும் இரு சுவர்கள் 57 ஹேர்ட்ஸையும் அதன் மடங்குகளான 114, 171-ஐயும் தூக்கிக் கொடுக்கும். அறை சதுரமானால் மற்றைய இரு சுவர்களும் அதே எண்களையே தூக்கும். ஆண் குரலின் அடித்தளம் 114-ஐ ஒட்டியே நிற்பதால் சில சொற்கள் மட்டும் 'கும்' என்று வீங்கும். 57 ஹேர்ட்ஸின் அலைநீளம் ஆறு மீற்றர். ஓரங்குல ஸ்பொஞ்சு அதை என்ன செய்யும்? நட்ட நடுவில் 114 உச்சத்தில் இருப்பதால் அங்கிருந்து விலகி நிற்பது கூடுதல் பயன் தரும்.

மூடுவதானால் எதை, எங்கே மூடுவது? மைக்குக்குப் பின்னால் வளைவாக நிறுத்தும் 'ஷீல்ட்' நன்றாக விலைபோகிறது. கார்டியொய்ட் மைக்கின் பின்பக்கம் ஏற்கெனவே அரைச் செவிடு. அது காது கொடுத்துக் கேட்பது பாடுபவரையும் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள வெறும் சுவரையுந்தான். ஆகவே முதுகுப்பக்கம் ஒரு பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், அல்லது உடுப்பு நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்து அதற்கு முதுகு காட்டி நில்லுங்கள். நான்கு அங்குல மெத்தை குரலின் நடுப்பகுதியிலிருந்து மேலே எல்லாவற்றையும் நன்றாகவே விழுங்கும்.

வெளிச்சத்தத்தை மெத்தை தடுக்காது. அதற்குப் பாரமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். சுவருக்கும் ஓட்டுக்கும் இடையே வெளிச்சம் தெரியும் வீட்டில், ஏ9 வீதி பஸ்ஸும் கோயில் ஒலிபெருக்கியும் விடிய அகவும் மயிலும் தாராளமாக உள்ளே வரும். இங்கே வாங்க வேண்டியது எதுவுமில்லை. ஊர் அடங்கிய பிறகு, பேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்வதுதான் வழி. சீற் வீட்டில் மழை வந்தால் அன்றைக்கு விடுமுறை.

192 கிலோஹேர்ட்ஸ் இன்டர்பேஸ் தேடுவோர் 48-இல் நிற்கலாம். பதியும் வேகத்தின் பாதி வரையான ஒலி பிடிபடும்; மனிதக் காதோ 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. எட்டங்குல ஸ்பீக்கரும் அப்படித்தான்: சின்ன அறையில் அது முழக்கத்தைக் கூட்டிக் காட்டும். காதை மூடும் ஹெட்போன் ஒன்று போதும்.

வீட்டுப் பதிவு தரமாக வராது என்பாருக்கு புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீனின் 'நெப்ராஸ்கா' (1982) பதில். நியூ ஜேர்சியில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில், இரண்டு எஸ்எம்57 மைக்குகளும் கசற்றில் பதியும் நான்கு தட ரஸ்காம் பெட்டியும் வைத்துப் பதிந்தது அது. குழுவோடு கூடத்தில் பதிந்த வடிவங்களை ஒதுக்கிவிட்டு அந்தக் கசற்றையே வெளியிட்டார்கள். ஏ.ஆர். ரஹ்மானும் வீட்டிலேதானே தொடங்கினார் என்பாரும் உண்டு. 1989-இல் அவர் கோடம்பாக்கத்து வீட்டு வளவில் அமைத்தது முறையான ஒலிப்பதிவுக்கூடம்; அந்தக் கதை இந்தப் பத்தடி அறைக்குப் பொருந்தாது.

கடைசியாக, 'ஊம்' என்ற இரைச்சல் வந்தால் மைக் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் பழக்கம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். எர்த் சரியில்லாத வீட்டில் அதுவும் அதன் மடங்குகளும் லப்டொப் சார்ஜர் வழியே பதிவுக்குள் வரும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள். 'ஊம்' நின்றுவிட்டால் மைக்கில் பிழையில்லை. கூப்பிட வேண்டியது வயரிங் வேலை தெரிந்த ஒருவரை.