மலையில் கரண்ட் சரியில்லை என்று கடைக்காரர் கைகழுவ முடியுமா?

கேள்வி: சித்தேரி மலையிலிருந்து எழுதுகிறேன். கல்யாணம், காதுகுத்து வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. போன வருஷம் சேலத்தில் ஒரு கடையில் 1,42,000 ரூபாய்க்கு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வாங்கினேன். "எடிட்டிங்குக்கு வேணும், ராத்திரியெல்லாம் ரெண்டரிங் ஓடும்" என்று சொல்லித்தான் வாங்கினேன். ஐ7-12700 பிராசஸர், ஆர்.டி.எக்ஸ். 4070 கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். என்று வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்தது. நாலாவது மாதத்திலிருந்தே ரெண்டரிங் நடுவில் தானாக அணைய ஆரம்பித்தது. கேட்டதற்கு, "விண்டோஸ் மாத்திப் போடுங்க" என்றார்கள். ஏழாவது மாதம் ஒரு ராத்திரி டப்பென்று சத்தம், புகை. எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு மூன்றும் போய்விட்டன. "உங்க மலையில கரண்ட் ஏறி இறங்கும், எரிஞ்ச பொருளுக்கு வாரண்டி இல்ல, மின்வாரியத்து மேல கேஸ் போடுங்க" என்கிறார் கடைக்காரர். யார் மேல் போடுவது? வக்கீல் வைக்கப் பணமில்லை. நான் மலையாளிப் பழங்குடி சமூகத்தைச் சேர்ந்தவன்.

— வாசகர், சித்தேரி, தருமபுரி மாவட்டம்

பதில்: கடைக்காரர் மேல் போடுங்கள். ஆனால் அதற்கு முன், இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எரிந்துபோன அந்த எஸ்.எம்.பி.எஸ்.-ஐ, அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் டப்பாவை, யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். "கம்பெனிக்கு அனுப்பிப் பார்க்கிறோம்" என்று கடையில் கேட்டாலும், எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளாத வரை கொடுக்க வேண்டாம். உங்கள் வழக்கின் முதல் சாட்சி அந்த டப்பாவின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிள்தான்.

அதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். மேலே பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதை விட்டுவிட்டு, கீழே உள்ள சின்னக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட் லைனில் இருந்துதான் கரண்ட் எடுக்கின்றன. உங்கள் பிராசஸர் முழு வேகத்தில் 180 வாட் வரை இழுக்கும் என்பது இன்டெல் நிறுவனமே தரும் அளவு. கார்டு 200 வாட் என்பது என்விடியா தரும் அளவு. இரண்டும் சேர்ந்து 380 வாட். அதை 12-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 32 ஆம்பியர். லேபிளில் 25 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அந்த லைன் தாங்குவது 300 வாட்தான். மலிவான டப்பாக்களில் இந்த இடைவெளி சர்வ சாதாரணம். மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், ஃபேன் எல்லாம் இதற்கு மேல். இப்படிப்பட்ட கார்டுகள் கண் இமைப்பதற்குள் தன் அளவைத் தாண்டி ஒரு குதி குதித்துத் திரும்பும். அதற்கும் சேர்த்துத்தான் 4070 கார்டு போடுகிற கம்ப்யூட்டருக்கு 650 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டும் என்று என்விடியா சொல்கிறது. இது கார்டு விற்கிற எந்தக் கடைக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ரெண்டரிங் நடுவில் மட்டும் கம்ப்யூட்டர் அணைந்தது ஏன் என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது: பிராசஸரும் கார்டும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக உழைக்கும் வேலை அது.

இனி சட்டம். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. பொருள் எதற்கு வேண்டும் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், அந்தப் பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது பில்லில் எழுதாமலே அந்த விற்பனைக்குள் அடங்கிய நிபந்தனை. நீங்கள் சொன்ன அந்த ஒரு வாக்கியம், ராத்திரியெல்லாம் ரெண்டரிங் ஓடும் என்றது, இந்தப் பிரிவை உங்கள் பக்கம் கொண்டுவந்துவிட்டது. அது வாட்ஸ்அப்பில் பதிவாகியிருந்தால் இன்னும் நல்லது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. அந்த போனையும் சாட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

"450 வாட் என்று கொட்டேஷனில் போட்டோமே, பார்த்துத்தானே பணம் கட்டினார்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். கேட்கட்டும். எந்தக் கார்டுக்கு எத்தனை வாட் வேண்டும் என்று கணக்குப் போடத்தான் நீங்கள் கடைக்குப் போனீர்கள். ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஒரு பொருளை அதன் பிராண்டு பெயரைச் சொல்லி, "இதுதான் வேண்டும்" என்று கேட்டு வாங்கினால், வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்குப் பொருந்தாது. உங்கள் சாட்டில், "அந்த கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். போடுங்க, போதும்" என்று நீங்களே எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். எழுதியிருந்தால் உங்கள் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வழக்கு போய்விடாது, வாதம் மாறும்.

மின்வாரியம் விஷயத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரி பக்கத்து வீடுகளில் டி.வி., மிக்சி, பல்பு ஏதாவது எரிந்ததா? நியூட்ரல் அறுந்தால் ஒரு ஃபேஸ் வீட்டுக்கு 400 வோல்ட் வரை ஏறிவிடக்கூடும். அப்படி நடந்திருந்தால் உங்கள் வீட்டோடு நிற்காது. எரிந்திருந்தால், 94987 94987 மின்னகம் எண்ணில் புகார் செய்து புகார் எண் வாங்குங்கள். தருமபுரி மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போகலாம். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், பிரிவு 42 அதற்கு வழி செய்கிறது. மின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று 2013-இல் அனீஸ் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பக்கத்தில் எதுவும் எரியவில்லை என்றால் மின்வாரியத்தை எதிர்த்தரப்பாகச் சேர்க்காதீர்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று சேர்ப்பது கடைக்காரரின் வாதத்துக்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. கரண்ட்தான் காரணம் என்று சொல்கிறவர் அதை நிரூபிக்கட்டும். இன்னொன்று: நீங்கள் மலையில் இருப்பவர் என்று தெரிந்தே விற்றிருக்கிறார். கரண்ட் ஏறி இறங்கும் ஊர் என்பது அவருக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியுமானால், இவ்வளவு சின்ன எஸ்.எம்.பி.எஸ்.-ஐ ஏன் போட்டார்? ஸ்டெபிலைசரோ யூ.பி.எஸ்.-ஸோ வேண்டும் என்று ஏன் சொல்லவில்லை? இந்தக் கேள்வியை நோட்டீஸிலேயே எழுதுங்கள்.

"தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல" என்ற வாதமும் வரும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(7)-இன் விளக்கம் இதற்குப் பதில் சொல்கிறது: சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. பழைய சட்டத்தில் இதே விளக்கத்தை உச்ச நீதிமன்றம் 1995-இல் விரித்துச் சொன்ன வழக்கில் எதிர்த்தரப்பு நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழிற்கூடம். வழக்குப் போட்ட லக்ஷ்மி என்ஜினியரிங் தோற்றது. அது வாங்கியது பெரிய தொழில் எந்திரம். ஆனால் தானே ஓட்ட ஆட்டோ வாங்குபவரும், தானே வேலை செய்ய லேத் வாங்குபவரும் நுகர்வோர்தான், ஒன்றிரண்டு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டாலும் அது மாறாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் அந்த லேத் போலத்தான். எடிட்டிங் செய்வது நீங்களே என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள்.

கடை சேலத்தில் இருந்தாலும் நீங்கள் சேலம் போய் அலைய வேண்டாம். குடியிருக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய நன்மை. தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் கடைக்கும், லேபிளில் பெயர் உள்ள எஸ்.எம்.பி.எஸ். கம்பெனிக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருந்தால் அதைக் கண்டு தயங்க வேண்டாம். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது பிரிவு 2(47).

மனுவில் கம்ப்யூட்டரின் விலையையும் மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் கேளுங்கள். முடித்துக் கொடுக்க முடியாமல் போன கல்யாண வீடியோக்களுக்கும் கேட்கலாம். ஆனால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த ரசீதோ வங்கிக் கணக்கோ இருக்கும் ஆர்டர்களுக்கு மட்டும் கேளுங்கள். ஆதாரமில்லாத பெரிய தொகை, ஆதாரமுள்ள சின்னத் தொகையின் மேலும் சந்தேகத்தைக் கிளப்பும். எரிந்த டப்பாவை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி அதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 38-இன் கீழ் மனுச் செய்யுங்கள். ஆணையமே முத்திரையிட்டு அனுப்பும், 45 நாளில் அறிக்கை வர வேண்டும். அந்தக் கட்டணத்தை நீங்கள் முன்கட்டவேண்டி வரலாம். சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட நாளாகும் என்று எண்ணிக்கொண்டு இறங்குங்கள்.

அதுவரை பிழைப்புக்கு, எரிந்த மூன்று பாகங்களையும் புதிதாக வாங்கத்தான் வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். 650 வாட்டுக்குக் குறையாமல், 12 வோல்ட் லைனில் மட்டுமே 45 ஆம்பியருக்கு மேல் தருவதாகப் பாருங்கள். "80 பிளஸ்" முத்திரை நல்லதுதான், ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதற்கான அளவு. டப்பா எரியாது என்பதற்கான உறுதி அன்று. வீட்டு எர்த்தை ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துவிடுங்கள். யூ.பி.எஸ். வாங்கினால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். வாங்கும்போது பிராண்டைச் சொல்லிக் கேட்காதீர்கள். என்னென்ன பாகம் இருக்கிறது, என்ன வேலை, எந்த ஊர் என்று எழுதி அனுப்பி, "இதற்கு எது சரியாக இருக்கும், நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வரும் பதிலை வைத்திருங்கள். பில்லில் மாடல் பெயர், வாட், சீரியல் எண், வாரண்டிக் காலம் நான்கும் தனித்தனியாக வர வேண்டும்; "கம்ப்யூட்டர் 1 செட்" என்ற பில்லை வாங்காதீர்கள்.

கடைசியாக வக்கீல் விஷயம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12-இன்படி பட்டியல் பழங்குடியினருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. நுகர்வோர் ஆணைய வழக்குக்கும் அது பொருந்தும். சாதிச் சான்றிதழ், பில், வாட்ஸ்அப் சாட், லேபிளின் போட்டோ இவற்றோடு அரூர் நீதிமன்றத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போய் ஒரு மனுக் கொடுங்கள். மலையை விட்டு இறங்குமுன் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு ஒரு போன் செய்து, என்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எரிந்த டப்பா வீட்டிலேயே இருக்கட்டும்.