சாலை மரத்தை அகற்றக் கோரும் மனு: பரிசீலிக்கும் முறை

பொதுச் சாலையில் நிற்கும் மரம் ஒன்றை வெட்டி அகற்ற வேண்டுமென்று அருகில் குடியிருப்போர் எழுதும் மனுக்கள், நகரங்களில் மரங்களைப் பேணும் அலுவலகங்களுக்குப் புதியவை அல்ல. அவற்றைக் கையாளுவதில் இரு வகைப் பிழைகள் நேர்கின்றன. மனுதாரரை மரத்தின் பகைவரெனக் கருதி, அவர் கூறுவதைச் செவிமடுக்காது விடுவது ஒன்று. அவர் கூறும் காரணங்களை அப்படியே ஏற்று, அறுபது ஆண்டுகள் வளர்ந்த மரத்தை ஒரே முற்பகலில் அறுத்துத் தள்ளுவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் மூலம் ஒன்றே. மரத்தின் அடிக்குச் சென்று எவரும் சரியாகப் பார்ப்பதில்லை.

பாடத்தின் பொருட்டு ஒரு மனுவைக் கற்பனை செய்துகொள்வோம். டில்லியின் தென்பகுதியில், தேசப் பிரிவினைக்குப் பின் எழுந்த குடியிருப்புகளுள் ஒன்றில், ஒரு வீட்டின் முன் நடைபாதையில் வேம்பு ஒன்று நிற்கிறது. அதனை அகற்றக் கோரும் வீட்டுக்காரர் ஆறு குறைகளை எழுதுகிறார். வேர் சாக்கடைக் குழாயை அடைத்துவிட்டது, சுற்றுச்சுவர் வெடித்துவிட்டது, மரத்தைக் கறையான் அரிக்கிறது, மரம் வீட்டை நோக்கிச் சாய்ந்துள்ளது, சருகு ஓயாது விழுகிறது, கோடைப் புழுதிப் புயல் வீசும் இரவுகளில் வீட்டிலுள்ள முதியவர்கள் உறங்குவதில்லை. இவற்றுள் எதையும் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. எனினும் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு வேறு.

முதலில் சட்ட நிலை. டில்லியில் 1994ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் உள்ளது. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் 5 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டமும், ஒரு மீட்டருக்குக் குறையாத உயரமும் உடைய மரமெல்லாம் இச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டதே. மர அதிகாரியின் அனுமதியின்றி அதனை வீழ்த்தலாகாது. மீறினால் ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அனுமதி கோரும் விண்ணப்பத்துடன் நிலத்தின் உரிமையைக் காட்டும் ஆவணம் இணைக்கப்பட வேண்டும். சாலையோர நிலம் வீட்டுக்காரருடையது அன்று. மாநகராட்சி, பொதுப்பணித் துறை முதலிய அமைப்புகளுள் ஒன்றுக்கு உரியது. ஆகவே வீட்டுக்காரரின் மனு சட்டப்படி நிலத்தின் உடைமை அமைப்பிடம் செய்யும் முறையீடே ஆகும். அவ்வமைப்புத்தான் மர அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். இந்த வேறுபாட்டை மனுதாரருக்கு முதல் நாளிலேயே விளக்கிவிடுவது நல்லது. அவ்வாறு செய்யாமையினாலேயே பல மனுக்கள் மாதக்கணக்கில் அலுவலகம் விட்டு அலுவலகம் அலைகின்றன.

விண்ணப்பம் கிடைத்த அறுபது நாட்களுக்குள் மர அதிகாரி நேரில் ஆராய்ந்து முடிவு கூற வேண்டும்; மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மரம் பட்டுப்போயிருந்தாலும், நோயுற்றிருந்தாலும், காற்றில் வீழ்ந்திருந்தாலும், உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்தாக நின்றாலும், போக்குவரத்துக்குத் தடையாக இருந்தாலும் அனுமதியை மறுத்தலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. சருகும் பழமும் பறவை எச்சமும் இந்த வரிசையில் இடம்பெறவில்லை. பிற மாநிலங்களில் விதிகள் வேறுபடும். மகாராஷ்டிரத்தின் நகர்ப்புற மரச்சட்டம் 1975ஆம் ஆண்டினது. கர்நாடகத்தின் மரப் பாதுகாப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டினது. களப் பணியாளர் தத்தம் மாநிலச் சட்டத்தின் வாசகத்தைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் ‘ஆபத்து’ என்னும் சொல்லைத் தருகிறது. எது ஆபத்து என்பதைத் தாவர நூலும் பொறியியலும்தான் கூற வேண்டும். மனுவிலுள்ள குறைகளை இனி அந்நோக்கில் ஆராய்வோம்.

வேர் குழாயைத் தேடிச் சென்று உடைக்கிறது என்பது பரவலான நம்பிக்கை. உண்மை அவ்வாறன்று. மரத்தின் வேர்களுள் பெரும்பாலானவை மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே படர்கின்றன. பக்கவாட்டில் அவை கிளை விரிவின் எல்லையையும் தாண்டிச் செல்லும். ஈரமும் காற்றும் எங்கு கிடைக்கின்றனவோ அங்கு நுண்வேர்கள் பெருகும். பழைய சுட்டமண் குழாயின் இணைப்பு விட்டுப்போய்க் கழிவுநீர் கசிந்தால், அவ்விடத்து மண் ஈரமாகி வேருக்கு உகந்ததாகிறது. அந்த விரிசல் வழியே மயிரிழை போன்ற வேர் நுழைந்து, உள்ளே குழாயின் வாய் நிறையப் பருக்கிறது. பழுதற்ற குழாயை வேர் பிளந்துகொண்டு நுழைவது அரிது. ஆகவே மரத்தை வெட்டினாலும் கசிவு நிற்காது. இணைப்புகள் இறுக்கமான புதிய குழாயைப் பதித்தால் அடைப்பு நீங்கும், மரமும் நிற்கும். மாணவர்க்கு இதனை விளக்க விரும்பும் ஆசிரியர், கசியும் மண்பானை ஒன்றை விதை முளைத்த தொட்டியில் புதைத்து வைத்து, சில வாரங்களுக்குப் பின் வேர்கள் பானையைச் சூழ்ந்திருப்பதைக் காட்டலாம்.

சுவர் பற்றிய குறையில் நியாயம் சற்று மிகுதி. அடித்தளம் ஆழமில்லாத சுற்றுச்சுவரையும் நடைபாதைக் கல்லையும் பருக்கும் வேர் நேரடியாகவே தூக்கிவிடும்; கனமான மாடிக் கட்டடத்தைத் தூக்கும் வலிமை அதற்கு இல்லை. கரிசல் மண் நிலவும் தக்காணப் பகுதிகளில் நிலைமை வேறு. அங்கு மரம் நீரை உறிஞ்ச, மண் சுருங்கி, அடித்தளமே இறங்கக்கூடும். டில்லியின் பெரும்பகுதி யமுனையின் வண்டல் ஆதலால் இந்த அச்சம் அங்குக் குறைவு. வெடித்த சுவரைப் பொறுத்தவரை, வேர் செல்லும் இடத்தில் மட்டும் சுவரை இடித்து, வேருக்கு மேலே இடைவெளி விட்டு ஒரு சிறு உத்தரத்தை வைத்துக் கட்டினால் போதும். எந்தக் கொத்தனாரும் அறிந்த வேலையே இது. யாரும் கேட்பதில்லை என்பதே குறை.

பட்டையின் மேல் கறையான் மண்பூசிச் சென்றிருப்பது பார்ப்பதற்கு அச்சமூட்டும். ஆனால் கறையான் பெரும்பாலும் செத்த பட்டையையும் உலர்ந்த கட்டையையுமே நாடுகிறது. மண்ணைச் சுரண்டிவிட்டுப் பார்த்தால், அடியிலுள்ள பட்டை உயிருடன் ஈரமாக இருப்பதையே பெரும்பாலும் காணலாம். அதுபோலவே இலையற்ற மரம் செத்த மரம் அன்று. இலவு குளிர்காலத்தில் இலையுதிர்த்து நிற்கும். வேம்பு டில்லியில் வசந்த காலத் தொடக்கத்தில் பழைய இலையைக் கழிக்கும். 2021ஆம் ஆண்டில் தெலங்கானாவில் வேப்பமரங்கள் ஒருவகைப் பூசணத்தாலும் தேயிலைக் கொசு என்னும் பூச்சியாலும் நுனிமுதல் கருகியபோது, அவை அழிந்தே போகுமென்று மக்கள் அஞ்சினர். ஆயினும் பல மரங்கள் பின்னர்த் துளிர்த்தன. ஐயம் தோன்றினால் சிறு கிளைகள் பலவற்றின் பட்டையை நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சையும் ஈரமும் இருப்பின் மரம் உயிருடன் உள்ளது.

கறையானைக் கண்டு பதறுவோர், தண்டின் அடியில் விசிறி போல் ஒட்டியிருக்கும் கெட்டியான காளானைக் கண்டுகொள்வதில்லை. கானோடெர்மா என்னும் இனத்தைச் சேர்ந்த அக்காளான்கள் அடிமரத்தையும் வேரையும் உள்ளிருந்து உளுக்கச் செய்பவை. மேலே தழை பசுமையாக இருக்கையிலேயே கீழே பிடிப்பு அற்றுப்போயிருக்கலாம். அத்தகைய மரத்தை மரச்சுத்தியலால் தட்டி, ஓசை பொள்ளலாகக் கேட்கும் பரப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். தண்டின் நலமான சுவர் அதன் ஆரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்குக் குறைந்தால் முறியும் வாய்ப்பு மிகும் என்பது ஜெர்மானிய விஞ்ஞானி கிளாவுஸ் மாத்தெக் பரப்பிய அளவுகோல். அதாவது 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டில் 10 சென்டிமீட்டர் கனமேனும் நல்ல கட்டை வேண்டும். இது கைக்கணக்கே அன்றி இறுதித் தீர்ப்பன்று. ஒரு பக்கம் வாய் திறந்த பொந்துக்கு இக்கணக்குப் பொருந்தாது.

சாய்வுக்கு வருவோம். இளமையில் ஒளியை நாடிச் சாய்ந்து, பின் நுனி மேல்நோக்கி வளைந்து வளர்ந்த மரம் தன் சாய்வுக்கு ஏற்ப வேரையும் தண்டையும் பருக்கச் செய்துகொண்டிருக்கும். அது பழைய சாய்வு. அதனால் அஞ்ச வேண்டுவதில்லை. தண்டு அடி முதல் நுனி வரை நேராகவே சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்து மண் விரிந்தோ மேலெழும்பியோ இருந்தால் அது புதிய சாய்வு. அன்றே அவ்விடத்தைக் கயிறு கட்டி அடைக்க வேண்டும். உடனே வீழ்த்தாவிடில் உயிருக்குப் பெருங்கேடு நேருமென்ற நிலையில், முன் அனுமதியின்றியே நிலத்துக்கு உரியவர் மரத்தை வீழ்த்தி, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மர அதிகாரிக்கு அறிவிக்கலாமென டில்லிச் சட்டம் இடமளிக்கிறது.

இனி, மனுவில் எழுதப்படாத செய்தி. நம் எடுத்துக்காட்டில் களப் பணியாளர் மரத்தடியில் சருகை விலக்கிப் பார்க்கிறார். தண்டைச் சுற்றிக் கழுத்துவரை கான்கிரீட்டு பூசப்பட்டுள்ளது. மேற்குப் பக்கத்தில் தண்டிலிருந்து அரை மீட்டர் தள்ளி, நடைபாதையில் நீளமாக ஒரு புதுப்பூச்சு ஓடுகிறது. விசாரித்தால், சென்ற குளிர்காலத்தில் கம்பிவடம் பதிக்கப் பள்ளம் தோண்டினார்கள் என்கிறார் எதிர்வீட்டார். மனுதாரர் இதைக் குறிப்பிடவே இல்லை. அவருக்கு இது மரத்தோடு தொடர்புடைய செய்தியாகத் தோன்றவில்லை.

ஆனால் ஆறு குறைகளையும்விட இந்த ஒரு பூச்சே முக்கியமானது. மரத்தைத் தாங்குபவை அடியிலிருந்து கிளைக்கும் சில பருத்த வேர்கள். காற்று வீசும் திசையிலுள்ள வேர்கள் கூடாரத்தின் கயிறுகளைப்போல் இழுத்துப் பிடிக்கின்றன. தண்டின் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்துக்குள் வேரை வெட்டினால் மரத்தின் நிலைப்பு கெடக்கூடும் என்பது களத்தில் கொள்ளப்படும் பொதுவிதி. இந்த வேம்பின் விட்டம் 60 சென்டிமீட்டர் எனின், 1.8 மீட்டருக்குள் பள்ளம் தோண்டியிருத்தல் கூடாது. தோண்டியதோ அரை மீட்டரில். டில்லியின் கோடைப் புழுதிப் புயல்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருபவை; பள்ளமும் மேற்கிலேயே உள்ளது. முதியவர்களின் அச்சத்துக்குக் காரணமாக எழுதப்பட்டவை யாவும் பொருந்தாதவை. ஆயினும் அச்சம் பொருந்தியதே.

இந்நிலையில் செய்ய வேண்டியது யாது? பூச்சைப் பெயர்த்துப் பள்ளத்தின் மண்ணைக் கையால் விலக்கி வேர்களை எண்ண வேண்டும், இயந்திரம் கூடாது. அறுபட்டவை விரல் கனமுள்ள சிலவே எனின் மரம் அவற்றை மீண்டும் வளர்த்துக்கொள்ளும். கிழிந்த முனைகளைச் சீராக நறுக்கி, நல்ல மண்ணிட்டு, கோடையில் நீர் ஊற்றி வரலாம். கைக் கனமும் அதற்கு மேலும் உள்ள தாங்கு வேர்கள் பல அறுபட்டு, கிழக்கே சாய்வும் காணப்படுமாயின், அம்மரத்தை அகற்றப் பரிந்துரைப்பதே கடமை. மரத்தின்பால் உள்ள பற்றினால் இப்பரிந்துரையைத் தள்ளிப்போடும் பணியாளர், உறங்காத அந்த வீட்டாரைக் காற்றின் கையில் ஒப்படைக்கிறார். அத்துடன் பள்ளம் தோண்டிய அமைப்பின் பெயரும் கோப்பில் ஏற வேண்டும். இல்லையேல் அதே சாலையில் அடுத்த மரத்துக்கும் இதே கதி நேரும்.

கான்கிரீட்டு பற்றியும் கூறியாக வேண்டும். அடியை நெருங்கிய பூச்சு மழைநீரையும் காற்றையும் வேருக்கு எட்டாமல் தடுக்கிறது, பருக்கும் தண்டை இறுக்குகிறது, அழுகலை மறைக்கிறது. டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றுமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013ஆம் ஆண்டில் ஆணையிட்டது. ஆணை பழையதாயினும் பூச்சுகள் புதிதாக முளைத்த வண்ணமே உள்ளன.

மரத்தை வெட்ட அனுமதி கிடைக்காதபோது, ‘கிளையையேனும் கழித்துத் தாருங்கள்’ என்பது மனுதாரரின் அடுத்த கோரிக்கை. பட்ட கிளையையும் தெருவிளக்கை மறைக்கும் கிளையையும் கழிப்பது முறையே. தலையை மொட்டையடிப்பது மட்டும் கூடவே கூடாது. மரத்தின் காயம் மனிதத் தோலைப்போல் ஆறுவதில்லை. காயமுற்ற பகுதியை உள்ளே சுவர் எழுப்பித் தடுத்துவிட்டு, அதன் வெளியே மரம் புதுக்கட்டையை வளர்க்கிறது. இதனை விரிவாக விளக்கியவர் அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ (1930–2006). மொட்டையடித்த பெருங்காயங்களில் இத்தடுப்பு தோற்றுப்போகும்; அழுகிய முனையைச் சுற்றி எழும் புதுக்கொம்புகள் மேலோட்டமாகவே ஒட்டி நிற்கும். இன்று அமைதிக்காகச் செய்த மொட்டை, பத்தாண்டுகளில் மெய்யான ஆபத்தாகிறது. கிளை தண்டோடு சேருமிடத்தில் உள்ள புடைப்பை விட்டு, அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். பருத்த கிளையாயின் முதலில் அடிப்புறத்தில் ஓர் அரைவெட்டு, பின் அதற்கு அப்பால் மேலிருந்து வெட்டிப் பாரத்தை நீக்குதல், கடைசியில் புடைப்பருகே சீரான வெட்டு என மூன்று முறையாக அறுத்தால் பட்டை உரியாது. கிளை கழிப்பதும் அனுமதிக்கு அப்பாற்பட்டதெனக் கருதலாகாது. முன் அனுமதியின்றிச் சிறு கிளைகளைக் கழிக்க இடமளித்த வழிகாட்டு விதியை டில்லி உயர்நீதிமன்றம் 2023ஆம் ஆண்டில் ரத்து செய்தது.

சருகு, பழம் பற்றிய குறைகளைச் சுருக்கமாகவே முடிக்கலாம்; அவை துப்புரவுத் துறைக்கு அனுப்பப்பட வேண்டியவை. புதுடில்லியின் அகன்ற சாலைகளில் வைக்கப்பட்ட நாவல் மரங்களின் கனி, மழை தொடங்கும் பருவத்தில் நடைபாதையை நீலமாக்கி வழுக்கச் செய்வது மெய்யே. ஆனால் அதே கனியைப் பொறுக்கி விற்றுப் பிழைப்போரும் அதே நடைபாதையில் அமர்ந்திருக்கிறார்கள்.

மனுதாரருக்கு அனுப்பும் விடையில் ஆறு குறைகளுக்கும் தனித்தனியே பதில் இருத்தல் வேண்டும். குழாய் யாரால், எப்போது மாற்றப்படும். சுவருக்கு என்ன வழி. வேர்களைத் திறந்து பார்த்ததில் கண்டது என்ன என்பவற்றைச் சாதாரணத் தமிழிலோ இந்தியிலோ அவருக்கு விளங்கும் மொழியில் எழுத வேண்டும். மரம் நிற்பதாயின் கோடைப் புயல்களுக்கு முன் ஒரு முறையும் மழைக்காலம் முடிந்தபின் ஒரு முறையும் மறுபார்வை இடும் தேதிகளை விடையிலேயே குறிக்கலாம். மரம் போவதாயின் அதற்கு ஈடாக நட வேண்டிய கன்றுகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் அனுமதி ஆணை கூறும். அவற்றுள் ஒன்றேனும் அவ்வீட்டின் முன்னேயே, பழைய அடிக்கட்டையைத் தோண்டியெடுத்து, முன்னதைவிட அகன்ற குழியில், கம்பிவடம் செல்லும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாகத் தள்ளி நடப்பட வேண்டும்.