முதியோர் தொழுகையும் தடுமாறும் கால்களும்



நமது மஹல்லாவில் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருந்தார். முதல் ஸஃப்பைத் தவற விடாதவர். ஒருநாள் சுப்ஹுக்கு ஒளுச் செய்யும்போது, கழுவுவதற்காக ஒரு காலைத் தூக்கியவர் ஈரத் தரையில் சாய்ந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்தது. "இதற்கு முன்பு விழுந்ததுண்டா?" என்று மருத்துவர் கேட்டபோதுதான் பிள்ளைகளுக்கே விஷயம் தெரிந்தது. அதற்கு முந்திய சில மாதங்களில் அவர் வீட்டில் இருமுறை விழுந்திருக்கிறார். "சொன்னால் பள்ளிக்குப் போக விடமாட்டீர்களே" என்று மறைத்துவிட்டார். அதன்பின் அவரால் பள்ளிவாசல் படி ஏறவே முடியவில்லை. எதை இழக்கக் கூடாதென்று மறைத்தாரோ, மறைத்ததனாலேயே அதை இழந்தார்.

"வயதானால் விழத்தான் செய்வார்கள், எல்லாம் தக்தீர்" என்று நம்மில் பலர் சொல்லிவிடுகிறோம். மருத்துவம் செய்து கொள்ளலாமா என்று நாட்டுப்புற அரபிகள் கேட்டபோது, செய்து கொள்ளுமாறு ஏவிய நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், முதுமை ஒன்றுக்குத்தான் மருந்தில்லை என்றும் அறிவித்தார்கள். முதுமைக்கு மருந்தில்லை, ஆனால் விழுவது வேறு, முதுமை வேறு. இந்த வேறுபாட்டை நாம் விளங்கிக் கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் உலகில் சுமார் 6,84,000 பேர் விழுந்ததனால் இறக்கிறார்கள். அவர்களில் அறுபதைக் கடந்தவர்களே அதிகம். எனினும் இதைக் குறைக்க முடியும். அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் எழுபதும் அதற்கு மேலும் வயதான 301 பேரை வைத்து நடந்த ஆய்வு 1994-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு மாத்திரைகளைச் சீர்செய்து, உடற்பயிற்சியும் கற்றுக் கொடுத்தார்கள். ஓராண்டில் அப்பிரிவில் நூற்றுக்கு 35 பேர் விழுந்தார்கள்; மற்றப் பிரிவிலோ 47 பேர். முழுவதும் நிற்கவில்லை என்றாலும் இது சிறிய பலனல்ல.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாற்றம் உண்டா? விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் உண்டா? இம்மூன்றில் ஒன்றுக்கேனும் "ஆம்" என்பது பதிலானால் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். இது வெட்கப்பட வேண்டிய செய்தியன்று.

மருத்துவர் நாற்காலியிலிருந்து எழச் சொல்லி, மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து அமரச் சொல்வார். அதற்குப் பன்னிரண்டு விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று கொள்வார். படுத்திருக்கும்போது ஒருமுறையும், எழுந்து நின்றபின் மூன்று நிமிடத்திற்குள்ளும் இரத்த அழுத்தம் பார்ப்பார். மேல் அளவு 20 குறைந்தால், எழுந்தவுடன் தலை சுற்றுவதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். தூக்க மாத்திரையும், இரத்த அழுத்த மாத்திரையும், மனச்சோர்வுக்கான மாத்திரையும் காலைத் தடுமாறச் செய்யக் கூடியவை. ஆகவே வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். கண்புரை இருந்தால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். தலையில் அடிபட்டவர் இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவரானால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

ஒளுவும் தொழுகையும்

ஒளுவில் கால் கழுவுவது பர்ளு. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு கழுவுவது பர்ளுமல்ல, சுன்னத்துமல்ல. முதியவர்கள் உட்கார்ந்தே ஒளுச் செய்யட்டும். வீட்டில் ஒரு முக்காலியும், கைக்கெட்டும் உயரத்தில் குழாயும் இருந்தால் போதும்.

தஹஜ்ஜுதுக்கோ சிறுநீர் கழிக்கவோ இரவில் எழுபவர், படுக்கையிலிருந்து திடீரென்று எழக் கூடாது. விளக்கைப் போட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் அமர்ந்து, விழித்தெழுந்தால் ஓதும் துஆவை நிதானமாக ஓதி முடித்தபின் எழட்டும்.

ஸுஜூதிலிருந்து எழும் நேரமும் தலை சுற்றக் கூடிய நேரமே. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டாம் ஸுஜூதுக்குப் பின் சற்று அமர்ந்து, இரு கைகளையும் தரையில் ஊன்றி எழுவது சுன்னத்து. ஹனஃபீ மத்ஹபிலும் இயலாதவர் அவ்வாறு செய்வதற்குத் தடையில்லை. பெரியவர்கள் இதை அவசரமின்றிச் செய்ய வேண்டும். அதற்கேற்ப இமாம்களும் விரைந்து எழாதிருத்தல் நலம்.

பர்ளான தொழுகையில் இயன்றவர் நிற்பது கடமை. நின்றால் தலை சுற்றி விழும் நிலையிலுள்ளவர் அமர்ந்து தொழ இரு மத்ஹபுகளிலும் அனுமதி உண்டு. சிறிது நேரமே நிற்க முடிந்தவர், முடிந்த அளவு நின்றுவிட்டு அமரட்டும். இதில் குறைவு ஏதுமில்லை. நபி (ஸல்) அவர்கள் குதிரையிலிருந்து விழுந்து விலாப்புறம் சிராய்த்தபோது அமர்ந்தே தொழுகை நடத்தினார்கள் என்பதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். வயது முதிர்ந்து உடல் கனத்தபின், தொழுமிடத்தில் ஒரு தூணைச் சார்ந்து கொண்டார்கள் என்று உம்மு கைஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. பெருமானாரே தூணைச் சார்ந்திருக்க, கைத்தடி பிடிப்பதற்கு நாம் ஏன் கூச வேண்டும்?

பிள்ளைகளும் பள்ளி நிர்வாகிகளும்

பிள்ளைகளே! வாப்பா விழுந்தால் "இனி வெளியே போகாதீர்கள்" என்று அடைத்து வைத்துவிடாதீர்கள். நடக்காத கால் மேலும் வலுவிழக்கும்; மேலும் விழச் செய்யும். அந்தத் தடைக்கு அஞ்சித்தான் அவர் அடுத்தமுறை விழுந்ததை மறைப்பார். கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். நாற்காலியைப் பிடித்து எழுந்து உட்காரும் பயிற்சியையும், சுவரோரம் நின்று சமநிலை பழகுவதையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வையுங்கள். உம்மாவின் கழிவறையில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள். தரையில் புரளும் உடையைச் சற்று உயர்த்தித் தைத்துக் கொடுங்கள்.

பள்ளி நிர்வாகிகளே! ஹவுளுக்கருகே பளபளக்கும் கல்லைப் பதித்து அழகு பார்க்கிறோம். அந்த அழகு ஒரு பெரியவரின் இடுப்பை முறிக்குமானால் அதனால் என்ன பயன்? சொரசொரப்பான தரை, பாசி படியாத ஹவுள் விளிம்பு, உட்கார்ந்து ஒளுச் செய்யச் சில இருக்கைகள், படியோரம் கைப்பிடி, சுப்ஹு வேளையில் வாசலில் ஒரு விளக்கு, ஓரம் மடங்காத விரிப்பு. இவ்வளவே தேவை. இதற்குப் பெரும் செலவில்லை.

இந்த வாரமே உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அன்போடு கேளுங்கள்: "எப்போதாவது விழுந்தீர்களா?" அவர்கள் அச்சமின்றிச் சொல்லும்படி கேளுங்கள். நாம் தொடக்கத்தில் சொன்ன பெரியவரிடம் இக்கேள்வியை யாரும் உரிய நேரத்தில் கேட்கவில்லை.

நம் மூத்தோர் தங்கள் இறுதிக் காலம்வரை தம் கால்களால் நடந்துவந்து தொழும் பாக்கியத்தையும், அவர்களைத் தாங்கிப் பிடிக்கும் நல்லெண்ணத்தை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.