புதுச்சேரி இளம் வழக்கறிஞருக்கு: மருத்துவக் கவனக்குறைவு வழக்குகள் குறித்து



ஜிப்மரும் தனியார் மருத்துவக் கல்லூரிகளும் அமைந்த புதுச்சேரிக்குக் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருவதால், மருத்துவக் கவனக்குறைவு வழக்குகள் இவ்வூர் வழக்கறிஞரைத் தொழிலின் தொடக்கத்திலேயே தேடி வருவதுண்டு. துக்கம் ஆறாமல் வரும் கட்சிக்காரர், மருத்துவரைச் சிறைக்கு அனுப்பியே தீர வேண்டும் என்பார். அந்தச் சினத்தை வழக்கறிஞரும் தமதாக்கிக்கொள்ளும்போது நல்ல வழக்கும் கெட்டுவிடுகிறது.

மருத்துவர்மீது குற்ற வழக்கு நிற்க வேண்டுமானால் கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்றும், தகுதியுள்ள வேறொரு மருத்துவரின் நம்பத்தக்க கருத்து இல்லாத தனிநபர் புகாரை ஏற்கலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 2005இல் வரையறுத்தது. இழப்பீட்டு வழக்கில் அளவுகோல் வேறு: அத்துறையில் சராசரித் திறனுள்ள மருத்துவர் காட்டும் கவனம் காட்டப்பட்டதா என்பதே கேள்வி, நோய் குணமாகாமை மட்டுமே கவனக்குறைவாகாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1936இல், பிரான்சின் உச்ச நீதிமன்றமும் மருத்துவர் ஒப்புக்கொள்வது குணமாக்குவதை அன்று, அறிவியலுக்கு இணங்கிய அக்கறையான சிகிச்சையையே என்று தீர்ப்பளித்திருந்தது.

கட்டணம் பெறும் மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டவை என்பது 1995இல் முடிவானது. சிலரிடம் பணம் பெற்றுச் சிலருக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் இடங்களில் இலவச நோயாளியும் நுகர்வோரே. முன்பு மருத்துவமனை உள்ள ஊரை நாட வேண்டியிருந்த கடலூர்க்காரர், 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தம் மாவட்ட ஆணையத்திலேயே புகார் அளிக்கலாம்.

இவ்வழக்குகளின் உயிர்நிலை சிகிச்சை ஏடுகளில் இருக்கிறது. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தை, விழித்திரைப் பாதிப்பால் பார்வையிழந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2015இல் ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு அளித்தது. தவறான மருந்தோ அறுவையோ அங்கே பிரச்சினை அன்று. செய்திருக்க வேண்டிய கண் பரிசோதனை செய்யப்படவில்லை, பெற்றோருக்கு எச்சரிக்கையும் தரப்படவில்லை. செய்யாமல் விட்டது எது என்பதைக் கேஸ் ஷீட்டின் வெற்றிடங்களே காட்டும் என்பதால், கட்சிக்காரரின் கதையைக் கேட்டு முடித்தவுடனே ஏடுகளை எழுத்துமூலம் கோர வைக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும் என 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன.

பெற்ற ஏடுகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் மருத்துவரைத் தேடுவது இதனினும் கடினம். ஒருவரையொருவர் அறிந்த மருத்துவர்கள் வாழும் சிறிய ஊரில் அவர்கள் தயங்குவதில் வியப்பில்லை, ஆகவே வெளியூர் நிபுணரை நாடுவதே நல்லது. தவறில்லை என அவர் சொன்னால், அதை மறைக்காமல் கட்சிக்காரரிடம் தெரிவித்து, புகாரே வேண்டாம் என்று சொல்லும் துணிவு தேவை. தவறுண்டு என்று சொன்னாலோ, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே காலவரம்பு. நிபுணரைத் தேடிய மாதங்களும் அதற்குள் அடங்கும்.