0.2 நாசில் வாங்காதீர்கள்

பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர், பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்கப்போகிறேன் என்று வாய் திறந்ததுமே அவர் காதில் விழுவது இந்தப் பேச்சுதான்: "0.2 மி.மீ. நாசிலே வாங்குங்க. துளை எவ்வளவு சின்னதோ, கோடு அவ்வளவு மெலிசா வரும்." சொல்கிறவர் அதை யாரிடமோ கேட்டிருப்பார், சோதித்துப் பார்த்திருக்க மாட்டார். இதை நம்பிக் காசைக் கொட்டி, இரண்டே வாரத்தில் ஏர்பிரஷை அலமாரியில் போட்டுவிட்டு, "எனக்குக் கை வரல" என்று ஒதுங்கியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் கையில் எந்தக் குறையும் இல்லை. குறை அந்த அறிவுரையில்.

நம்பிக்கை: நாசில் சிறியதாக இருந்தால்தான் நுணுக்கமான வேலை வரும்.

உண்மை: நாசில் அளவு என்பது, ஊசி முழுதாகப் பின்னால் போனால் பெயிண்ட் வெளியேற எவ்வளவு வழி கிடைக்கும் என்ற உச்ச வரம்பு. கோட்டின் அகலத்தை அது மட்டும் தீர்மானிப்பதில்லை. டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷில் ட்ரிகரை அழுத்தினால் காற்று வரும். பின்னால் இழுத்தால் பெயிண்ட் வரும். இழுக்க இழுக்க, கூராகச் சீவிய ஊசி துளையை விட்டு விலகி வழி விடுகிறது. மெல்லிய கோடு போடும்போது விரல் இழுப்பது மிகமிகக் கொஞ்சம். அப்போது 0.2 ஆனாலும் 0.4 ஆனாலும் திறந்திருப்பது ஊசியைச் சுற்றி ஒரு சன்னமான இடைவெளிதான். பெயிண்ட் எவ்வளவு நீர்த்திருக்கிறது, காற்றழுத்தம் எவ்வளவு, மாடலுக்கு எவ்வளவு பக்கத்தில் பிடிக்கிறீர்கள், விரல் எவ்வளவு பழகியிருக்கிறது: கோட்டின் தலையெழுத்து இவற்றில்தான் இருக்கிறது.

உங்களுக்கு எவ்வளவு மெல்லிய கோடு தேவை என்று கணக்குப் போட்டதுண்டா? 1/72 அளவு மாடலில் 1 மி.மீ. கோடு, நிஜ விமானத்தில் 7.2 செ.மீ. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் பக்கவாட்டில் திட்டுத்திட்டாக அடித்திருப்பார்களே, அதில் 18 செ.மீ. அகலத் திட்டு ஒன்றை 1/72-ல் போட்டால் 2.5 மி.மீ. வரும். 0.3 நாசிலுக்கு அது சுலபமான வேலை. மாடல்காரர்கள் பல்லாண்டாகப் புழங்கும் கருவிகளைப் பாருங்கள்: இவாட்டா எக்லிப்ஸ் எச்பி-சிஎஸ் 0.35 மி.மீ., ஜிஎஸ்ஐ கிரியோஸ் பிஎஸ்-289 0.3 மி.மீ., பேட்ஜர் பேட்ரியாட் 105 0.5 மி.மீ. இந்த மாடல்காரர்களுக்கெல்லாம் 0.2 தெரியாமலா போயிற்று?

சிறிய நாசிலுக்குப் புதியவர் கொடுக்கும் விலை அதிகம். பிரைமரும் மெட்டாலிக் பெயிண்டும் 0.2-ல் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் அக்ரிலிக் ஊசி நுனியிலேயே காய்ந்துபோகும். வரவில்லையே என்று பிரஷரைக் கூட்டுவார். பெயிண்ட் மாடலைத் தொடும் முன்பே பாதி உலர்ந்து மணல்மணலாகப் படியும். பிறகு ஸ்பேனரை எடுத்து நாசிலைக் கழற்றுவார். திரும்ப மாட்டும்போது ஒரு சுற்று கூட முறுக்குவார். பழுது பார்க்க என்னிடம் வருபவற்றை உருப்பெருக்கி லூப்பில் வைத்துப் பார்த்தால் கதை தெரிந்துவிடும். ஊசி நுனி ஒரு பக்கம் மடங்கியிருக்கும். அதனால் கோடு அந்தப் பக்கமே சாயும். நாசிலின் உட்சுவரில் காய்ந்த பெயிண்ட் வளையமாகப் படிந்திருக்கும். நாசில் வாய் பிளந்திருந்தால், காற்று உள்ளே திரும்பிப் பெயிண்ட் கப்பில் குமிழ் குமிழாகப் பொங்கும்.

சின்ன உருவத்தின் கண்ணையும் புருவத்தையும் மை போல நீர்த்த பெயிண்டில் தீட்டுகிற, கை தேர்ந்தவருக்கு 0.2 உதவும். முதல் ஏர்பிரஷுக்கு 0.3 முதல் 0.4 வரை போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை வேறு. ட்ரிகர் சொரசொரப்பில்லாமல் ஒரே சீராகப் பின்னால் வருகிறதா? ஊசியைக் கண்ணாடி மேல் உருட்டினால் நுனி துள்ளாமல் உருள்கிறதா? லாக்கர் பெயிண்ட் அடிப்பவரென்றால், உள்ளே கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையம் தின்னரைத் தாங்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்று ஊசியும் மாற்று நாசிலும் நாளைக்குக் கிடைக்குமா? உதிரி பாகம் கிடைக்காத ஏர்பிரஷை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். நாசிலைப் போலவே சோதிக்காமல் நம்பப்படுபவை இன்னும் சில உண்டு.

நம்பிக்கை: பெயிண்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும்.

உண்மை: பால் பதம் ஓர் அளவே அல்ல. டமியா அக்ரிலிக்கை அதன் எக்ஸ்-20ஏ தின்னரோடு சரிபாதி கலந்து தொடங்குங்கள். வல்லெஹோ மாடல் ஏர் நீர்த்தே வருகிறது. எதுவானாலும் முதலில் வெள்ளை அட்டையில் அடித்துப் பாருங்கள்.

நம்பிக்கை: பிரஷர் கூடினால் வேலை சுத்தம்.

உண்மை: பொதுவான வேலைக்கு 15 முதல் 20 பி.எஸ்.ஐ. போதும். மெல்லிய கோட்டுக்கு இன்னும் குறைத்து, பெயிண்டை இன்னும் நீர்க்க வையுங்கள்.

நம்பிக்கை: ஒவ்வொரு முறையும் முழுதாகக் கழற்றிக் கழுவ வேண்டும்.

உண்மை: நிறம் மாற்றும்போது தின்னர் ஊற்றி அடித்துவிட்டால் போதும். வேலை முடிந்ததும் ஊசியை உருவித் துடையுங்கள். நாசிலை அவசியம் வந்தால் மட்டும் கழற்றுங்கள்.

நம்பிக்கை: கம்ப்ரசர் எதுவானாலும் ஒன்றுதான்.

உண்மை: டேங்க் இல்லாவிட்டால் காற்று துடித்துத் துடித்து வரும். ரெகுலேட்டர் இல்லாவிட்டால் அழுத்தம் உங்கள் சொல் கேட்காது. சென்னை போன்ற கடலோர ஊரில் ஈரம் பிடிக்கும் மாய்ஸ்சர் டிராப் இல்லையென்றால், குழாயில் சேர்ந்த தண்ணீர் முடித்த வேலையின் மேல் சொட்டாகத் தெறிக்கும்.

நம்பிக்கை: தண்ணீர் பெயிண்ட்தானே, வாசனையே இல்லை, மாஸ்க் எதற்கு?

உண்மை: இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மூக்குக்குத் தெரியவில்லை என்பதால் நுரையீரலுக்குள் போகவில்லை என்று ஆகிவிடாது. ஏர்பிரஷின் வேலையே பெயிண்டைப் புகைத்தூளாக்குவது. 10 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நெஞ்சுக்குள் இறங்கும். அந்தத் தூளில் இருப்பது நிறமியும் பிசினும். டமியா அக்ரிலிக்கில் ஆல்கஹாலும் உண்டு. சர்ஜிக்கல் மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்காது. என்95 தூளைத் தடுக்கும், லாக்கர் ஆவியைத் தடுக்காது. லாக்கர் அடிப்பவருக்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் தூள் வடிகட்டியும் சேர்ந்த ரெஸ்பிரேட்டர் கட்டாயம். பெயிண்ட் அடிக்கும் அறையிலேயே பிள்ளைகள் படுத்துறங்கும் வீட்டில் மாஸ்க் மட்டும் போதாது. காற்றை ஜன்னலுக்கு வெளியே தள்ளும் ஸ்ப்ரே பூத் வேண்டும். அதுவரை அங்கே தூரிகையால் தீட்டுங்கள்.

ஆகவே முதலில் மாஸ்க், அடுத்தது கம்ப்ரசர், கடைசியாக ஏர்பிரஷ் என்ற வரிசையில் வாங்குங்கள். 0.2-க்காக ஒதுக்கிய பணத்தை முதல் இரண்டுக்கும் செலவிடுங்கள்.