பொதி புதுக்கலும் பொருத்தமும்

நிலைமொழியின் ஈறு இன்னதென்று நோக்காது வருமொழியைக் கொணர்ந்து ஒட்டின் வழுவே பிறக்கும் என்பது தமிழிலக்கணம் பயில்வார் யாவரும் அறிந்தது. கணினியிலும் அஃதொப்பதோர் ஒழுங்கு உண்டு. முன்னரே அமைந்த மென்பொருளோடு புதிதாய் வருவது பொருந்தாதவழி நேரும் இடர்களையும், அவற்றைக் களையும் முறையையும், லினக்ஸ் அமைப்பைக் கொண்டு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

டெபியன் என்னும் லினக்ஸை அடியாகக் கொண்டு, சி-டாக் நிறுவனத்தார் நம் நாட்டிற்கென ஆக்கியது பாஸ் லினக்ஸ். தமிழ்நாட்டரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸும் சேர்ந்த கருவிகள் மாணவர்க்கு வழங்கப்பெற்றன. கல்வராயன் மலையூர்களில் ஒரு குடும்பத்துக்கு முதன்முதல் வாய்த்த கணினி அதுவாயிருத்தல் அரிதன்று. பழுதாயிற்றென்று அதனை மூலையில் இட்டுவிடின், இளையோர்க்கு வேறொன்று வாங்குதல் எளிதோ? ஆதலின் இவ்வாராய்ச்சி வீண் அன்று.

லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாக வரும். தனக்குத் துணையாக இன்னின்ன பொதிகள், இன்ன பதிப்பிற்குக் குறையாமல் வேண்டும் என்பதை ஒவ்வொரு பொதியும் தன்னுள்ளே குறித்திருக்கும். களஞ்சியத்தினின்று பொதிகளைத் தேர்ந்து கொணர்வது ஆப்ட். அவற்றை அவிழ்த்து அமைப்பது டிபிகேஜி. இடர் நேர்ந்தால் திரையில் தோன்றும் செய்தியை முழுதும் படித்து, பிழை கொணர்தலிலா அமைத்தலிலா என்று துணிதலே முதற்கடன். காரணங்கள் பெரும்பாலும் நான்கனுள் அடங்கும்.

முதலாவது, நாள் பிறழ்தல். பழைய கருவியின் உள்மின்கலம் தீர்ந்தால் கடிகாரம் பல்லாண்டு பின்சென்றுவிடும். அப்போது களஞ்சியப் பட்டியல் வருங்காலத்தது போல் தோன்றுதலின், ஆப்ட் அதனை ஏலாது. நாளைத் திருத்தினால் இடர் நீங்கும்.

இரண்டாவது, களஞ்சியம் இடம்பெயர்தல். 2013-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த டெபியன் 7-க்கு நெடுங்கால ஆதரவும் 2018-ஆம் ஆண்டு மே மாதத்தோடு முடிந்தது. அத்தகைய பதிப்புகள் பழஞ்சுவடிக் களஞ்சியத்துக்கு மாற்றப்படும். பழைய முகவரியில் தேடினால் 404 என்னும் பிழையே கிடைக்கும். முகவரியை மாற்றினால் பொதிகள் வரும். ஆயினும் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் அங்கே வாரா என்பதை மறத்தலாகாது.

மூன்றாவது, இடையறவு. இறக்கும்போது அலைவரிசை அற்றால் கேடில்லை. மீண்டும் ஏவினால் போதும். அமைக்கும்போது மின்சாரம் நின்றால் பொதிகள் அரைகுறையாய் நிற்கும். அந்நிலையில், எஞ்சியவற்றையெல்லாம் அமைத்து முடிக்குமாறு டிபிகேஜியை ஏவுக. வட்டு நிறைந்து தடைப்பட்டதாயின், இறக்கிவைத்த பழம்பொதிகளை நீக்கி இடஞ்செய்க. கள்ளக்குறிச்சியில் அலைவரிசை நன்கு கிடைக்கும்போது பொதிகளை இறக்கி மட்டும் வைத்து, வெள்ளிமலைக்குச் சென்றபின் அமைத்துக்கொள்ளவும் ஆப்ட் இடந்தருகின்றது.

நான்காவது பதிப்புக் கலப்பு, இதுவே கொடியது. ஒரு புதிய மென்பொருளை விரும்பிப் பிற்பதிப்பின் களஞ்சியத்தைப் பழையதனோடு சேர்ப்பார் உளர். அம்மென்பொருள் புதிய லிப்-சி நூலகத்தை வேண்டும். அதனை மாற்றவே, அதனைச் சார்ந்த பிற பொதிகள் பலவும் நிலைகுலையும். வலிந்து நிறுவுதல் நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. எனவே எதனையும் செய்யுமுன் ஒத்திகை பார்க்குமாறு ஆப்டை ஏவி, நீக்கப்படும் பொதிகளின் பட்டியலை நோக்குக. அது நீண்டிருப்பின் உடன்படாது நிறுத்துக.

பதிப்பு உயர்த்துவோர் ஏழினின்று எட்டு, எட்டினின்று ஒன்பது எனப் படிப்படியாகவே ஏறல் வேண்டும். இடையே தாவுதலை டெபியனார் ஆதரிப்பதில்லை. நெடுந்தொலைவு பின்தங்கிய கருவிக்கு, கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்துவிட்டுப் புதிதாய் நிறுவுதலே நன்று. அதன்முன் செயலியின் வகையையும் அறிக. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல், 32 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்வீராயின், மூலையிற் கிடக்கும் மடிக்கணினியை எடுத்து இம்முறையே ஆய்ந்து பாருங்கள். பழுதென்று நாம் தள்ளியவற்றுள் நாள் பிறழ்ந்தவையும் முகவரி மாறியவையும் சில இருத்தல் கூடும். அவற்றைத் திருத்தி ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ அளிப்பீராயின், அதுவும் கல்விப்பணியே ஆகும்.