அண்ணை சொன்ன சட்டம்

2013 மார்ச்சில் ரொறன்ரோ விமானநிலையத்திலேயே அகதி அடித்தேன். அகதிக் கோரிக்கை வைப்பதை எங்கடை ஆட்கள் அப்படித்தான் சொல்வது. கூட்டிப்போக வந்தவர் அண்ணை. பெரியம்மாவின் மகன், 98இல் வந்து கேஸ் வென்றவர். அன்றிரவு ஸ்காபரோவில் இடியப்பம் சாப்பிட்டபடி தாள்களைக் காட்டினேன்.

"பதினைஞ்சு நாளுக்குள்ள படிவம் குடுக்க வேணும் எண்டு கிடக்கு அண்ணை."

"உவங்கள் அப்பிடித்தான் போடுவாங்கள். ஒரு மாதம் இருக்கு. எனக்கு ஹியரிங் வரவே ஒண்டரை வருசம் எடுத்தது. முதல்ல நித்திரையைக் கொள்."

அண்ணை பொய் சொல்லவில்லை. அவர் காலத்தில் 28 நாள். 2012 டிசம்பர் 15இல் புதுச் சட்டத்தோடு அது போய்விட்டது. விமானநிலையத்தில் கோரினால் படிவத்துக்கு 15 நாள், விசாரணைக்கு 60 நாளுக்குள் திகதி. 2010இல் 492 தமிழரோடு சன் சீ கப்பல் வந்தபோது எழுந்த கூச்சலுக்கும் அந்தச் சட்டத்தில் பங்குண்டு. எங்கள் கப்பலைச் சொல்லி இறுக்கிய சட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கவில்லை. நித்திரையிலும் சொந்தக்காரர் வீட்டு விருந்துகளிலும் ஒன்பது நாளைத் தொலைத்தேன்.

மிச்சம் ஆறு நாளில் சட்ட உதவிக்கு விண்ணப்பித்து, லோயரைப் பிடித்து, கதையை எழுதினோம். "மாசி 5ஆம் திகதி பிடிச்சவங்கள்" என்று சொன்னேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் பெப்ரவரியைத்தான் மாசி என்போம். மொழிபெயர்த்தவர் தமிழ்நாட்டுக்காரர், பஞ்சாங்கத்து மாசியாக எடுத்துப் பெப்ரவரி 17 என்று போட்டார். விமானநிலைய நேர்காணலில் பெப்ரவரி 5 என்று பதிவாகியிருந்தது. விசாரணையில் அகதிச் சபை உறுப்பினர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அதையே கேட்டார். நேரில் கேட்காமல் ஒருவரின் பேச்சை நம்ப மறுக்கக் கூடாது என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் சொன்னதால் எனக்குக் கிடைத்த நாற்காலி அது. அதிலிருந்து பஞ்சாங்கம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஆகவே மாதத்தை ஆங்கிலப் பெயரிலேயே சொல்லுங்கள். இலக்கமும் வேண்டாம், 5-2 என்றால் இங்கே மே 2 என்று வாசிப்பவரும் உண்டு. கையெழுத்து வைக்குமுன் படிவம் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். லோயர் கந்தோரில் அவசரப்படுத்துவார்கள், விடாதீர்கள். பிறகு பிழை கண்டால் விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்னதாகத் திருத்தம் போய்ச் சேர வேண்டும். அவர்கள் கேட்குமுன் நீங்களே திருத்துவது வேறு, கேட்ட பிறகு விளக்குவது வேறு.

இன்னொன்று. ஷெல்லடி, இடம்பெயர்வு, முகாம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன். உறுப்பினர் கேட்டது, "போர் 2009இல் முடிந்துவிட்டதே, இப்போது திரும்பிப் போனால் என்ன?" 2012இல் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் என்னை விசாரித்ததை ஒற்றை வரியில் விட்டிருந்தேன். கடைசியில் கேஸ் நின்றது அந்த ஒற்றை வரியில்தான்.

வென்றபின் ஒரு லோயரிடம் மொழிபெயர்ப்புக்குப் போகத் தொடங்கினேன். அங்கே பார்த்ததிலும் பாதி அண்ணைமாரால் வந்த வினை. அமெரிக்கத் தரை எல்லையால் வருபவரை 2004 டிசம்பர் முதல் அங்கேயே திருப்பலாம். 2023 மார்ச் 25 முதல், காட்டுவழியால் புகுந்தவர் 14 நாளுக்குள் கோரினாலும் அதுதான். கனடாவில் நெருங்கிய உறவு இருந்தால் விலக்கு: பெற்றோர், கூடப்பிறந்தோர், மாமா, மாமி எல்லாம் அதில் உண்டு. ஒன்றுவிட்ட சகோதரம் இல்லை. ஒரு பெடியன் எல்லையில் "அண்ணா இருக்கிறார்" என்றான். அதிகாரி அந்த அண்ணாவுக்கு ஃபோன் போட்டுத் தாயின் பெயரைக் கேட்டார். இரண்டு பேருக்கும் இரண்டு தாய். சித்தியின் மகன் என்று முதலே சொல்லியிருந்தாலும் உள்ளே வந்திருக்க முடியாதுதான். ஆனால் இப்போது பொய் சொன்னவன் என்ற பெயரும் சேர்ந்து திரும்பிப் போனான்.

என் 15 நாள் கணக்கையும் நம்ப வேண்டாம். பிறகு அதுவும் மாறியது. உங்கள் கையில் தந்த தாளில் என்ன திகதி இருக்கிறதோ அதைப் பாருங்கள்.

2025இல் ஒரு அக்கா வந்தார். விசிட்டர் விசாவில் வந்து மூன்று மாதம். "ஒரு வருசம் இருக்குதாமே, தம்பி சொன்னவன்" என்றார். அந்த ஜூன் 3இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவைத்தான் தம்பி அரைகுறையாகக் கேட்டிருந்தார். 2020 ஜூன் 24க்குப் பிறகு கனடாவுக்குள் வந்தவர், வந்து ஒரு வருடம் கழித்துக் கோரினால் வழக்கு அகதிச் சபைக்கே போகாது என்ற விதி அதில் இருந்தது. கடவுச்சீட்டைப் பின்னால் புரட்டச் சொன்னேன். பெறாமகளின் கலியாணத்துக்கு வந்துபோன 2022 முத்திரை. மசோதா ஒரு வருடத்தை எண்ணியது முதல் முத்திரையிலிருந்து. அவர் புரிந்துகொள்ள இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. லோயரின் அடுத்த நேரம் மூன்று கிழமைக்குப் பிறகுதான் இருந்தது. நான் கதவைத் தட்டி, அன்றைக்கே இருத்திவிட்டேன்.